அயன் மேசையில் ஆறு வரி

ஸஹ்றா இருபத்தாறு வருடம் பெய்ரூட்டில் ஒரே வீட்டில் வேலை செய்தவள். மருதமுனையில் இன்றைக்கும் நிற்கிற கல்வீடு அவளுடைய உழைப்பில் எழும்பியதுதான். அதைத் தங்கை ஆகிலாவின் கலியாணத்துக்கு எழுதிக் கொடுத்தாள். பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் இந்தக் கரையில் யார் மாப்பிள்ளை தருவார்கள்? தனக்கென்று ஒரு குடும்பம் அவளுக்கு அமையவில்லை. முழங்கால் தேய்ந்து போன வருடம் திரும்பி வந்தாள். பின்னறையில் இருந்துகொண்டு நெசவுக் கடைகளுக்கு ஆண்கள் உடுத்துகிற சாரனை அயன் பண்ணிக் கொடுக்கிறாள். அவள் மடித்த சாரன் மடிப்புக் கலையாது. இதை ஆகிலாவும் ஒத்துக்கொள்வாள்.

ஆகிலாவுக்குச் சந்தேகம் வந்தது அக்காவின் கையில் அல்ல, வாயில்.

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு அயன் மேசையடியில் நின்றால் ஸஹ்றாவின் வாய் அசையத் தொடங்கும். “கெ ஜூஸ் பினி. கெ தூ யூஸ் பினி. கில் யூ பினி...” ஒரே இழுப்பில் ஆறு வரி. ஆறும் முடிந்ததும் அயனை நிமிர்த்தி வைத்துவிட்டு, மேசைக்குக் கீழே குனிந்து பார்த்துச் சிரித்து ஏதோ சொல்வாள். பிறகு திரும்பவும் முதலாம் வரி.

“என்ன ராத்தா ஓதுறீங்க?”

“ஒண்டுமில்ல புள்ள. கை ஓடுறதுக்கு.”

கை ஓடுவதற்கு வாய் எதற்கு? மேசைக்குக் கீழே யார் இருக்கிறார்கள்? ஆகிலா போய்க் குனிந்து பார்த்தாள். ஒரு செருப்பும் கொஞ்சம் நூலும்தான் கிடந்தன.

மகள் நஜ்லாவுக்குப் பேசிவந்த சம்பந்தம் இரண்டு தரம் தள்ளிப் போயிருந்தது. முதல் தரம் மாப்பிள்ளை வீட்டில் ஒரு மௌத்து, சாவு வீட்டில் கலியாணப் பேச்சு எடுக்க முடியாது. இரண்டாம் தரம், புறப்பட்டு வந்த வேன் வழியில் பாண்டிருப்பில் பழுதாகி நின்றுவிட்டது. ஸஹ்றா வந்த பிறகு நடந்த காரியங்கள் இவை. கொடுத்த வீட்டை நினைத்து ராத்தாவின் மனம் எரிகிறதோ? எரிகிற மனம் ஓதினால் எது தங்கும்? புருஷன் முத்தலிப்பிடம் சொன்னால் சிரிப்பார் என்று அவரிடம் வாயே திறக்கவில்லை. ஒரு நாள் கதவுக்குப் பின்னால் நின்று ஃபோனில் பதிவு செய்தாள். செய்தபிறகு சமைக்கும்போதும் கேட்டாள், துவைக்கும்போதும் கேட்டாள். பிடிபடுகிற மாதிரி ஒரு சொல்லாவது வராதா என்று கேட்டாள்.

அதைக் கொண்டுபோய் மௌலவியிடம் போட்டுக் காட்டினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“குர்ஆன் இல்ல. அறபும் இல்ல. கடைசியில வாறது மட்டும் அறபு. ‘ஷாத்திரா, ரீம்’ எண்டு. கெட்டிக்காரி எண்டு ஆரோ ஒரு ரீமை மெச்சுறா.”

“ரீம் ஆரு ஹஸ்ரத்?”

“அத நீங்கதான் அவக்கிட்டக் கேக்கணும்.”

ரீம்! ஜின்னுக்கும் அப்படிப் பெயர் உண்டோ? ஜின் இல்லையென்றால் அதைவிடப் பெரிய கதை. இருபத்தாறு வருடம் தனியாக இருந்தவள். பெற்றுவிட்டு வந்திருந்தால்? மாப்பிள்ளை வீட்டார் காதில் விழுந்தால்?

அறுகம்பேயில் விடுதி வேலை பார்க்கிற இன்ஸாப், முத்தலிப்புக்கு மூத்தவராய்ப் பிறந்த காக்காவுடைய மகன். அவன் கேட்காத பாஷை இல்லை. பதிவு அவனுக்குப் போனது. பதில் குரலிலேயே வந்தது.

“சாச்சி, இது பிரெஞ்சு. இஞ்ச தங்கியிரிக்கிற வெள்ளக்காரம்மா கேட்டுச் சிரிச்சிச் சாய்ஞ்சிட்டா. பள்ளிக்கூடப் பாடமாம். நான் முடிச்சிருந்தா, நீ முடிச்சிருந்தா, அவன் முடிச்சிருந்தா எண்டு ஒரு வினைச்சொல்ல ஆறு விதமா மாத்திச் செல்றதாம். நடக்காமப் போன காரியத்தச் செல்லப் பழைய ஆக்கள் பாவிச்சதாம். இப்ப அவங்கட நாட்டிலயே ஒருத்தரும் இப்பிடிக் கதைக்கிறல்லயாம். ஆரு சாச்சி இது?”

அவர்களே கதைக்காத பேச்சை மருதமுனையில் நின்று கதைப்பதென்றால், யாரோடு? ஆகிலாவுக்குச் சந்தேகம் இன்னும் முற்றியது. வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு மாப்பிள்ளை வீட்டார் மூன்றாம் தரம் வரவிருந்தார்கள். வியாழக்கிழமை பின்னேரம் ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டு, பின்னறை வாசலில் வந்து நின்றாள்.

“ராத்தா, கொஞ்ச நாளைக்கு ஒலுவில்ல மாமி வீட்ட நில்லுங்களன்.”

“ம்.” ஸஹ்றா உடுப்பு நாலைப் பையில் வைத்தாள். அயன் மேசைக்குத் திரும்பினாள். “இந்த ஒரு சாரனையும் முடிச்சிட்டுப் போறன்.”

“ஏன் எண்டும் கேக்க மாட்டீங்களா?”

“ஒண்ட வீடு. நீ செல்லுறாய், நான் போறன்.”

ஆகிலாவுக்கு அது சுருக்கென்றது. அடக்கி வைத்ததெல்லாம் வெளியே வந்தது.

“ரீம் ஆரு? ஜின்னா? இல்லாட்டி நீங்க பெத்த புள்ளயா?”

ஸஹ்றா அயனை நிமிர்த்தி வைத்தாள். அவளுக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது.

“ஜின்னா! அடியே, அவள் நான் வேலைக்கு நிண்ட வீட்டு மேடத்திர மகள். கொன்னைவாய் இல்ல, ஆனா வகுப்புல எழும்பி நிண்டா நாக்கு வராது. கன்னியாஸ்திரிப் பள்ளிக்கூடம். திங்கக்கிழமை பாடம் ஒப்புவிக்காட்டி உள்ளங்கை சிவக்கும். ஞாயித்துக்கிழமை பின்னேரம் நான் யூனிபோம் அயன் பண்ணுவன், அவள் மேசைக்குக் கீழ ஒளிச்சிருந்து பாடமாக்குவாள். அஞ்சாம் வரியில ஒவ்வொரு தரமும் நிண்டிருவாள். நாம அர்த்தம் தெரியாமக் காதால கேட்டுத்தானே குர்ஆன்ல யாஸீன் பாடமாக்கினம்? அப்பிடி நானும் பாடமாக்கினன். அவள் நிண்டா எடுத்துக் குடுப்பன்.”

“மறுகா?”

“ஒரு திங்கக்கிழமை ஆறையும் செல்லிட்டாள். உம்மாக்கிட்டப் போகல்ல. சப்பாத்தோட குசினிக்குள்ள ஓடி வந்து அடுப்படியில நிண்ட என்னத்தான் கட்டிப் புடிச்சாள். இப்ப எந்த நாட்டுல இரிக்காளோ. அயன் சூடு கையில பட்டா அந்தப் பாடம் தன்பாட்டில வருது. நான் என்ன செய்ய?”

ஆகிலா அவ்வளவு லேசில் விடுகிறவளா?

“கதை நல்லாத்தான் இரிக்கி. எங்க, இப்பச் செல்லுங்க பாப்பம். பாடமெண்டா ஒரு எழுத்தும் மாறாது.”

ஸஹ்றா சொன்னாள். கெ ஜூஸ் பினி. கெ தூ யூஸ் பினி. கில் யூ பினி. கெ நூ யூஸியோன் பினி. ஐந்தாம் வரியில் நின்றுவிட்டாள். அயனைப் பிடித்தபடி மேசைக்குக் கீழே பார்த்தாள்.

“கெ வூ யூஸியே பினி,” என்றாள் ஆகிலா.

சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து வந்தது என்று அவளுக்கே தெரிந்தது. ஒரு மாதம் ஒட்டுக் கேட்டதில் பாடமாகிவிட்டிருந்தது.

ஸஹ்றா நிமிர்ந்து தங்கையைப் பார்த்தாள்.

“ஷாத்திரா,” என்றாள்.

வாசலில் ஆட்டோ ஹோன் அடித்தது. ஆகிலா போய், பயணம் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டு வந்தாள். பையிலிருந்த உடுப்பை எடுத்தாள். பின்னறைக் கொடியில் போடாமல் முன்னறை அலுமாரியில் கொண்டுபோய் வைத்தாள்.

“நாளைக்கு மாப்பிள்ளட உம்மாவுக்குப் பக்கத்துல நீங்கதான் இரிக்கணும். வீட்டக் கட்டின ஆள் இல்லாம என்ன பேச்சு? ஆனா அவங்க எழும்பிப் போற மட்டும் இந்த ஆறு வரியும் வாயில வரப்படாது. எனக்கு இன்னம் முழு நம்பிக்கை இல்ல, செல்லிட்டன்.”

“ஓம்,” என்று சொல்லிவிட்டு ஸஹ்றா சாரனைத் திருப்பிப் போட்டாள்.