டிரையர் வாயில் காய்ந்த கம்ப்யூட்டர்

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். இருந்தாலும் கட்டபெட்டிலிருந்து குன்னூர் வரைக்கும் என் கை படாத டீ ஃபேக்டரி கிடையாது. இன்ஜினியர் வந்து பார்த்து உதட்டைப் பிதுக்கிய ரோலரை ஒரே மத்தியானத்தில் சுற்ற வைத்தவன். பெருமைக்குச் சொல்கிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெருமைதான் என் மகளை மலையை விட்டு இறக்கியது.

பச்சைத் தேயிலையை யாரும் சீந்தாத வருஷங்கள் அவை. ஃபேக்டரிகள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தின. எஸ்டேட் லைன் வீட்டுப் பிள்ளைகளில் பாதிப்பேர் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார்கள். என் மகள் மட்டும் போக மாட்டேன் என்றாள். கோத்தகிரியில் கம்ப்யூட்டர் கிளாஸ் முடித்திருந்தாள். பஸ் ஸ்டாப் பக்கத்தில் ஒரு சின்ன ரூம் பிடித்து, மனு, பயோடேட்டா, கல்யாணப் பத்திரிகை எல்லாம் டைப் அடித்துக் கொடுக்கலாம் என்று இருந்தாள். என் மனைவி கெடு வைத்தாள்: "இந்த மாசக் கடைசிக்குள்ள அந்தக் கம்ப்யூட்டர் ஓடலைன்னா, உன் சித்தி மவகூடத் திருப்பூருக்கு வண்டி ஏறிடணும்."

மூடிப்போன ஃபேக்டரி ஒன்றில் பழைய இரும்பு எடுத்தபோது ஆபீஸ் கம்ப்யூட்டரும் என் பங்குக்கு வந்திருந்தது. அதிலிருந்த விண்டோஸ் கெட்டுக் கிடந்தது. அதற்குப் பதிலாகப் போட மகள் கிளாஸ் வாத்தியாரிடம் லினக்ஸ் சிடி வாங்கி வந்தாள். தமிழிலும் டைப் அடிக்கலாமாம். மாசத்தின் கடைசிச் சனிக்கிழமை சாயங்காலம், அவள் ஒரு பிளாப்பி டிஸ்க்கைப் போட்டு மிஷினைச் சோதித்துக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. மறுநாள் செய்ய வேண்டியதை ஒரு தாளில் வரிசையாக எழுதி, அதன்மேல் சிடியை வைத்தாள்.

"காலையில சர்ச்சுக்குப் போய்ட்டு வந்து நான் போடறேன். நீங்க தொடாதீங்கப்பா."

என்னிடம் தொடாதே என்று எந்த ஃபேக்டரி மேனேஜரும் சொன்னதில்லை. மறுநாள் காலை கரண்ட் வந்திருந்தது. அம்மாவும் மகளும் படியிறங்கியதும் தாளைத் தள்ளி வைத்துவிட்டு, சுவிட்சைத் தட்டி சிடியை உள்ளே விட்டேன். கறுப்புத் திரையில் வெள்ளையாய் ரெண்டு வரி இங்கிலீஷ் வந்து நின்றது. எனக்கு அது எறும்பு வரிசை. அணைத்துப் போட்டேன். மறுபடி அதே ரெண்டு வரி. ஆறு தடவை அப்படியே. மூடியைக் கழற்றி ஒயரையெல்லாம் அழுத்திப் பார்த்தேன். உள்ளே தகரம் வியர்த்திருந்தது. வெளியே நாலு நாளாக விடாத மூட்டமும் தூறலும். ஈரம்தான் என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன்.

இந்த மலையில் மழைக்காலத்தில் ஓடாத மோட்டாரை நாங்கள் உடனே பிரிக்க மாட்டோம். தேயிலை காய வைக்கும் டிரையர் வாயில் கொண்டுபோய் வைப்போம். அரை நாள் சூட்டில் ஈரம் போய்த் தானாக ஓடும். எத்தனையோ மோட்டாரை அப்படி எழுப்பியிருக்கிறேன். பெட்டியைக் கம்பளியில் சுற்றித் தோளில் தூக்கிக்கொண்டு, பக்கத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருந்த ஒரே ஃபேக்டரிக்குப் போனேன்.

டிரையர் பார்ப்பவர் என் பழைய சிநேகிதர். "ஏனுங்க மேஸ்திரி, இலைதான் வர்றதில்ல, டிவியையாவது வறுத்து எடுக்கலாம்னு வந்துட்டீங்களா?"

"டிவி இல்லைங்க, கம்ப்யூட்டர். எம்மவளோடது."

"அதுக்குச் சூடு ஆகுமுங்களா?"

"நீங்க நெருப்பைப் பாருங்க. மிஷினை எங்கிட்ட விடுங்க."

மோட்டார் வைக்கிற இடத்திலேயே வைத்தேன். ரெண்டு டம்ளர் டீயும் என் ரோலர் கதையுமாக நேரம் போனது. பிளாஸ்டிக் வாடை வந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். முன்பக்கம் தோசை ஓரம் மாதிரி வளைந்திருந்தது.

வீட்டுக்கு வந்தபோது மகள் வந்திருந்தாள். பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தாள். சுவிட்சைத் தட்டினாள். ஃபேன்கூடச் சுற்றவில்லை. பிறகு முன்பக்க இடுக்கில் கத்தி முனையை விட்டு நெம்பி, நெளிந்துபோன பிளாப்பியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"திரையில என்னப்பா வந்துச்சு?"

"ரெண்டு வரி."

"இது உள்ள இருந்தா அப்படித்தான் வரும். எடுத்துட்டு ஏதாவது ஒரு பட்டனைத் தட்டச் சொல்லியிருக்கும். அவ்வளவுதான்."

"ஈரம்னு நெனச்சேன்."

அவள் சிரிக்கப் பார்த்தாள். "தேயிலையா இருந்தா நல்லாக் காஞ்சிருக்கும்ப்பா."

அந்த வாரமே சித்தி மகளோடு திருப்பூர் வண்டி ஏறினாள். இப்போது அங்கேயே வீடு, குடும்பம். நன்றாகத்தான் இருக்கிறாள். இங்கே வந்தால் குளிர் தாங்கவில்லை என்று ரெண்டு நாளில் கிளம்பிவிடுகிறாள். இந்தக் குளிரில் பிறந்தவள்.

அவள் போன மறுநாள்தான் மேசையில் நான் தள்ளி வைத்த தாளை எடுத்துப் பார்த்தேன். முதல் வரி: பிளாப்பியை வெளியே எடுக்கவும். கொட்டைக் கொட்டையாய், தமிழில். தனக்கென்று எழுதிக்கொண்டிருந்தால் அவள் இங்கிலீஷில்தான் எழுதியிருப்பாள்.