பெட்டிக்குள் தேடிய பாடகி

எனக்குப் பிடித்த பாப் பாடகியின் ஹிட் பாட்டுகள், வெளிவராத ஒத்திகைப் பாட்டுகள் என்று பல வருடமாகச் சேர்த்ததெல்லாம் ஒரே பென் டிரைவில் இருந்தது. வேறு காப்பி கிடையாது. ஏற்றுமதி பனியன் கம்பெனியின் பேக்கிங் பிரிவில் வேலையில் நின்றபடி சட்டைப்பையைத் தடவினேன், காணோம். குனிந்தபோது பனியன் பெட்டிக்குள் விழுந்துவிட்டது, இனி கப்பலேறிவிடும் என்று நானே முடிவுகட்டி, ஒட்டி அடுக்கிய பெட்டிகளை வியர்க்க வியர்க்கக் கிழித்தேன்.

டேப் ஒட்டும் பெண் பொறுமையாகக் கேட்டாள்: "ஏனுங்கண்ணா, காலைல இருந்து அந்தம்மா பாடிட்டே இருக்குதே, அது எதுலீங்க பாடுது?"

ஸ்பீக்கரில் செருகியிருந்தது. செருகியவனும் நான்தான்.

கை ஓய்ந்துபோய், கிழித்த பெட்டிகளை மறுபடி ஒட்ட உட்கார்ந்தேன். அந்த அபூர்வ ஒத்திகைப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"இத மாத்தி ஹிட்டுப் பாட்டு போடுங்க. தூக்கம் தூக்கமா வருதுங்க" என்றாள் அவள்.

ஹிட் பாட்டுக்கு மாற்றினேன்.