சித்தப்பாவுக்குப் பிடிக்காத பிக்குகள்

நான் நாலாம் வகுப்புப் படித்த வருஷம், எந்தப் பொருளைப் பார்த்தாலும் இதை வெட்டினால் கிட்டார் பிக்கு ஆகுமா என்று யோசிக்கிற வியாதி எனக்கு வந்திருந்தது. சோப்பு டப்பா மூடி, உடைந்த வளையல், சீப்பு, அம்மாவின் பொட்டு டப்பா எதுவும் தப்பவில்லை. காரணம் சித்தப்பா.

பிக்கு என்பது கிட்டார் தந்தியை மீட்டுவதற்காக விரலிடுக்கில் பிடித்துக்கொள்கிற சின்னத் துண்டு. பெருவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். பகலில் ஒரு பட்டாசுக் கம்பெனி ஆபீசில் லோடு அனுப்புகிற வேலை பார்த்த சித்தப்பா, கோவில் பொங்கல் சீசனில் மெல்லிசைக் குழு ஒன்றில் கிட்டார் வாசித்தார். கடையில் வாங்கிய பிக்கு அவரிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. நாரணாபுரத்தில் ஒரு கச்சேரியின்போது அது மேடைப் பலகை இடுக்கில் விழுந்துவிட்டது. பந்தல்காரர்கள் பலகையைப் பிரிக்கிறவரை காத்திருந்து, மண்ணைக் கையால் அளைந்து பார்த்துவிட்டு வெறுங்கையோடு வந்தார்.

"மதுரைக்குப் போனா ஒரு கை அள்ளிட்டு வரலாம். இதுக்கு ஏன் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு?" என்றார் அப்பா.

ஆனால் சித்தப்பா மதுரைக்குப் போகவில்லை. குழுவுக்கு நோட்டீஸ் அடிக்கக் கொடுத்திருந்த அச்சாபீசுக்குப் போனார். திரும்பி வந்தபோது சட்டைப் பையில் ஒரு பிளாஸ்டிக் துண்டு இருந்தது. அங்கே காலண்டரின் மேல் விளிம்பில் தகரம் அடிக்கிற பகுதியில் ஒரு பொம்பளப் பிள்ளை வேலை பார்க்கிறதாம். கீழே கிடந்த கழிவில் வெட்டி, உப்புத்தாளில் விளிம்பைத் தேய்த்துக் கொடுத்ததாம். கடைப் பிக்கு எல்லாம் ஒரே மாதிரிச் சத்தம் போடும், நமக்கென்று ஒன்று வெட்டிக்கொண்டால்தான் நம் கைக்குப் பேசும் என்று விளக்கம் சொன்னார். அப்பா பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

அந்த அச்சாபீஸ் என் பள்ளிக்கூட பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்துச் சந்தில் இருந்தது. விஸ்வநத்தம் பஸ் வருகிறவரை நான் அங்கேதான் நிற்பேன். அதனால் வேலை என் தலையில் விழுந்தது. முந்தின நாள் பிக்குவையும் அதில் என்ன குறை என்பதையும் நான் கொண்டுபோக வேண்டும். டீ குடிக்க வாசலுக்கு வருகிற அச்சாபீஸ் அக்கா புதிதாக ஒன்றைத் தருவாள். காலண்டர் சீசன் முடிந்து மெஷின்கள் பாதி தூங்கிக்கொண்டிருந்த மாதங்கள் அவை. அக்காவுக்கு நேரம் இருந்தது.

அக்கா நெட்டையாக இருப்பாள். விரல் நுனியில் எப்போதும் சின்னச் சின்னக் கீறல்கள். என்னிடம் பிக்குவை நேரடியாகத் தரமாட்டாள். தன் நகத்தால் ஒருதரம் சுண்டிப் பார்ப்பாள், வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள், அப்புறம்தான் என் உள்ளங்கையில் வைப்பாள்.

வீட்டில் பரீட்சை நடக்கும். சித்தப்பா என்னைச் சுவரைப் பார்த்து உட்காரவைத்துவிட்டு முதுகுக்குப் பின்னால் ஒவ்வொன்றாக மாற்றி மாற்றி மீட்டுவார். எது நன்றாக இருக்கிறது என்று நான் சொல்ல வேண்டும். எக்ஸ்ரே பிலிமில் வெட்டியது மிகவும் மெலிசு. ஆறு தந்தியையும் சேர்த்து இழுத்தால் பனையோலை காற்றில் உரசுகிற மாதிரி சரசரவென்று இனிமையாக இருக்கும். ஒற்றைத் தந்தியைத் தட்டினால் வளைந்துகொண்டு சத்தமே எழும்பாது. தேங்காய்ச் சிரட்டையில் இழைத்தது நேர்மாறு. ஒற்றைத் தந்தியில் கும்மென்று கேட்கும். எல்லாத் தந்தியையும் இழுத்தால் மாட்டுவண்டி கல்லில் ஏறின மாதிரி இடிக்கும். காலண்டர் தகரத்தில் வெட்டிய பிக்கு கீச்சென்று கத்தியதில் தொட்டிலில் கிடந்த தம்பி வீரிட்டான். தந்தியும் ஒன்று அறுந்தது. அப்பா முதன்முதலாகச் செல்போன் வாங்கியிருந்தார். சிம்மைப் பிய்த்தெடுத்தபின் மிஞ்சிய அட்டையை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அது மெலிசுக்கும் தடிமனுக்கும் நடுவே சமர்த்தாக இருந்தது.

வடிவங்களுக்கு நானே பெயர் வைத்தேன். அகலமாக ஆரம்பித்து நுனி குவிவது அரசிலை. மூன்று பக்கமும் ஒரே அளவாக இருப்பது சமோசா. அதைப் பிடிக்கச் சுகம், ஒரு முனை தேய்ந்தால் அடுத்த முனைக்குத் திருப்பிக்கொள்ளலாம். சின்னது புளியங்கொட்டை. அதில் வேகமாக வாசிக்கலாம், ஆனால் வியர்த்தால் நழுவிவிடும்.

நான் எதை நல்லது என்று சொன்னாலும் சித்தப்பா அதில் ஒரு குறை கண்டுபிடித்தார்.

"நுனி ரொம்பக் கூருன்னு சொல்லு."

மறுநாள், "இப்ப ரொம்ப மொண்ணையாப் போச்சுன்னு சொல்லு."

அக்காவும் சளைக்கவில்லை. "எந்த விரலுக்கும் எந்த விரலுக்கும் நடுவுல புடிக்காகன்னு கேட்டுட்டு வா." நான் கேட்டுக்கொண்டு போவேன். "இறுக்கிப் புடிக்காகளா, லேசாப் புடிக்காகளா?" மறுபடியும் கேட்டுக்கொண்டு போவேன். இவ்வளவு பேசி வெட்டியும் ஒரு பிக்கு சரியாக வரவில்லையே என்று எனக்கு அக்காமேல் பரிதாபமாகக்கூட இருந்தது.

கடைசியில் அது வந்தது. கெட்டியான வெள்ளை பிளாஸ்டிக்கில் வெட்டிய அரசிலை. பிடிக்கிற இடத்தில் தடிமன், நுனிக்கு வரவர மெலிசு. விளிம்பு வழவழவென்று மிட்டாய் மாதிரி இருந்தது. சித்தப்பா மீட்டியதும் நான் சுவரிலிருந்து திரும்பிவிட்டேன். ஒற்றைத் தந்தியும் பேசியது, ஆறும் சேர்ந்தும் பேசின. அடுப்படியிலிருந்து அம்மாகூட எட்டிப் பார்த்தாள்.

"இதுதான் சித்தப்பா! இதுதான்!"

சித்தப்பா பிக்குவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு பொடி மெலிசோ?" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இதற்காக நான் எத்தனை பஸ்ஸை விட்டிருக்கிறேன்! மறுநாள் அக்கா டீ கிளாசோடு வந்து நின்று, "இன்னைக்கு என்ன குத்தம் சொன்னாக?" என்று சிரித்தபடி கேட்டதும் நானே தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

"ஒரு குத்தமும் இல்ல. பிக்கு சரியாப் போச்சு. இனிமே வேணாம்."

"இனிமே வேணாம்னு அவுகளா சொன்னாக?"

சொல்லவில்லைதான். ஆனால் நியாயமாகப் பார்த்தால் அவர் அதைத்தானே சொல்லியிருக்க வேண்டும்? "ஆமா" என்றேன்.

அக்கா டீ கிளாசை வாசல் படியில் வைத்தாள். "சரி" என்றாள். டீயைக் குடிக்காமல் உள்ளே போய்விட்டாள். வெகுநாளைக்கு அப்புறம் அன்றுதான் முதல் பஸ்ஸிலேயே எனக்கு உட்கார இடம் கிடைத்தது.

சித்தப்பா வாசலிலேயே காத்திருந்தார். "என்ன சொன்னா?"

"சரின்னாக."

"எதுக்குச் சரி?"

"இனிமே பிக்கு வேணாம்னு சொன்னதுக்கு."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கிட்டாரை உறைக்குள் போட்டு ஜிப்பை மெதுவாக இழுத்து மூடினார். பிக்கு ஜன்னல் கட்டையிலேயே கிடந்தது. மறுநாள் அவரே அச்சாபீசுக்குப் போய் நின்றிருக்கிறார். அக்கா வாசலுக்கு வரவே இல்லையாம்.

அந்த வாரக் கடைசியில் அம்மா மாவு மில்லிலிருந்து ஒரு சேதி கொண்டுவந்தாள். தகரம் அடிக்கிற பிள்ளைக்குச் சாத்தூரில் மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்களாம். இத்தனை நாளும் பிடிகொடுக்காமல் இருந்த பிள்ளை இப்போது சரியென்று சொல்லிவிட்டதாம். சித்தப்பா பாதிச் சாப்பாட்டில் கை கழுவ எழுந்தார்.

"வாயத் தொறக்கவேண்டிய நேரத்துல தொறக்கணும் தம்பி. கிட்டாரா வந்து பேசும்?" என்றாள் அம்மா.

"விடுங்க மதினி" என்று மட்டும் சொன்னார் சித்தப்பா.

பிக்கு சரியாகிவிட்டதற்கு வீடே ஏன் இப்படித் துக்கம் கொண்டாடுகிறது என்று எனக்கு விளங்கவில்லை. சித்தப்பா கடைசியாகச் சொன்ன குறைதான் நினைவுக்கு வந்தது. ஒருவேளை உண்மையிலேயே மெலிசோ? ஜன்னல் கட்டையில் இருந்ததை எடுத்து வளைத்துப் பார்த்தேன். வளைந்தது. இன்னும் கொஞ்சம் வளைத்தேன். டக்கென்று இரண்டாக முறிந்து ஒரு துண்டு என் கழுத்தில் வந்து விழுந்தது.

அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. இத்தனை மாத உழைப்பில் தேறிய ஒரே பிக்கு! மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் ஓடிப்போய், வாட்ச்மேனிடம் கெஞ்சி, அக்காவைக் கூப்பிட வைத்தேன். அக்கா இளைத்திருந்தாள். நான் இரண்டு துண்டையும் நீட்டினேன்.

"முறிஞ்சிருச்சுக்கா. இதே மாதிரி ஒண்ணு வெட்டித் தாங்க."

"உங்க சித்தப்பா கேட்டு விட்டாகளா?" குரல் வேறு மாதிரி இருந்தது.

"அவுகளுக்குத் தெரியாது. சொல்லிராதீகக்கா. அவுக கிட்டாரையே தொடுறதில்ல. சோறும் சரியாத் திங்கறதில்ல. இதையும் பார்த்தா என்னையக் கொன்னுருவாக."

அக்கா என்னையே பார்த்தாள். "அன்னைக்கு இனிமே வேணாம்னு சொன்னாகளே?"

மாட்டிக்கொண்டேன். "அது நானாச் சொன்னது. ரொம்ப அலைச்சலா இருந்துச்சு. அவுக இன்னும் மெலிசுன்னுதான் சொன்னாக."

வாசலோரம் அடுக்கியிருந்த காகிதக் கட்டின்மேல் அக்கா உட்கார்ந்துவிட்டாள். தாவணித் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து நான் பயந்தேன். தலைப்பை எடுத்தபோது பார்த்தால், கண்ணெல்லாம் தண்ணீரோடு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நீ வீட்டுக்குப் போ. ஒண்ணும் ஆகாது. ஞாயித்துக்கெழம நாங்க வாரோம்" என்றாள்.

நாங்கள் என்றால்? யார் யார்? பஸ்ஸில் வரும்போதுதான் அந்தச் சொல் உறுத்த ஆரம்பித்தது. அச்சாபீஸ் முதலாளியையே கூட்டிக்கொண்டு வரப்போகிறாளோ? கழிவு பிளாஸ்டிக் என்றாலும் அவர்களுடையதுதானே!

ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறுவதற்குள் வந்துவிட்டார்கள். அக்கா இல்லை. வெள்ளை வேட்டியில் பெரிய மீசையோடு ஒருவர், கூட ஒரு அம்மாள். எங்கள் அம்மா கூலிக்கு ஒட்டி வைத்திருந்த காலிப் பட்டாசுப் பெட்டிகள் மூலையில் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தன. நான் அதற்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன்.

"வாங்க, வாங்க. உக்காருங்க. காபி சாப்பிடுதீகளா?" என்று அப்பா தடுமாறுவது கேட்டது.

மீசைக்காரர் தொண்டையைச் செருமினார். "மொறப்படி நீங்கதான் எங்க வீட்டுக்கு வரணும். ஆனா ஒங்க தம்பி வந்து கேக்குறதுக்குள்ள எம்மக கெழவியாயிருவா போலருக்கு. அதான் நானே வந்துட்டேன்."

யாரோ மூச்சை இழுத்தது கேட்டது. அது சித்தப்பாவாக இருக்க வேண்டும்.

"அந்தச் சாத்தூர்ப் பேச்சு?" என்றாள் அம்மா.

"முறிஞ்சிருச்சு தாயி. முறிஞ்சதும் ஒரு நல்லதுக்குத்தான்னு நெனைச்சுக்கிட்டோம்."

எனக்குக் கேட்டது ஒரு சொல்தான். முறிஞ்சிருச்சு. இவருக்கும் தெரிந்துவிட்டது! ஆனால் நல்லதுக்குத்தான் என்று பெருந்தன்மையாகச் சொல்கிறார். இவ்வளவு நல்ல மனுஷருக்கு முன்னால் ஒளிந்திருப்பது சரியில்லை என்று பட்டது. எழுந்தேன். பெட்டி அடுக்கு சரிந்து கூடம் முழுக்க உருண்டது.

"நாந்தான் முறிச்சேன்! வேணும்னு செய்யல. சும்மா வளைச்சுப் பார்த்தேன்" என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தேன்.

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு மீசைக்காரர் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "ஆமா, ஆமா! இந்தப் புள்ளதான் முறிச்சது! எம்மக எல்லாத்தையும் சொன்னா!" அந்த அம்மாளும் சிரித்தாள். அப்பா என்ன ஏதென்று புரியாமலே சிரித்தார். சித்தப்பா மட்டும் சிரிக்கவில்லை. உருண்ட பெட்டிகளுக்கு நடுவே என்னிடம் வந்து, என்னைத் தூக்கி, என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். என் சட்டை நனைந்தது. பாவம், பிக்குவை நினைத்து அழுகிறார் என்று அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.

அம்மா கேசரி கிண்டினாள். எனக்கு இரண்டாம் தரமும் கிடைத்தது. அடி விழவில்லை, திட்டு விழவில்லை, நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கின மாதிரி இருந்தது. பொருளை உடைத்தால் எங்கள் வீட்டில் கேசரி தருவார்கள் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.

வந்தவர்கள் தேதி பேசிவிட்டுப் போன பிறகு, சித்தப்பா கிட்டாரை உறையிலிருந்து எடுத்தார். பிக்கு இல்லை. பெருவிரலின் சதையாலேயே தந்திகளைத் தடவினார். மெதுவான, உருண்டையான சத்தம். எக்ஸ்ரே பிலிமும் சிரட்டையும் தகரமும் வெள்ளை பிளாஸ்டிக்கும் அதற்குப் பக்கத்தில் வரமுடியாது. அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அம்மா காபி டம்ளரோடு நிலைப்படியில் சாய்ந்து நின்றாள். இவ்வளவு நாளும் சுவரைப் பார்த்து உட்கார்ந்து நான் கேட்டதிலேயே இதுதான் நன்றாக இருந்தது. அது எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது.

"கையாலயே இம்புட்டு நல்லா வருதே! அப்புறம் எதுக்குச் சித்தப்பா என்னைய அத்தனை நாளு அந்த அச்சாபீசுக்கு அலைய விட்டீக?"

சித்தப்பாவின் விரல் நின்றது. அம்மாவுக்குக் காபி புரையேறிவிட்டது. அப்பா எழுந்து, சிரிப்பை அடக்க முடியாமல், வாசலுக்கே போய்விட்டார். நான் நியாயமான ஒரு கேள்வி கேட்டேன். அதற்கு அந்த வீட்டில் ஒருவர்கூடப் பதில் சொல்லவில்லை. கோபித்துக்கொண்டு, மறுபடி அடுக்கிவைத்திருந்த பெட்டிகளுக்குப் பின்னால் போய்ப் படுத்துவிட்டேன்.