ஒரு கூடை உறைமண்

உத்திரமேரூர் சாலையிலிருந்து எங்கள் ஊருக்குத் திரும்பும் இடத்தில், எங்கள் நிலத்தின் மூலையில், ஒரு லாரி மெக்கானிக் பல வருஷம் கொட்டகை போட்டிருந்தார். தங்கமான மனுஷன். ஆனால் வண்டிகளிலிருந்து இறக்கிய பழைய ஆயிலை எல்லாம் மண்ணிலேயே ஊற்றிவிட்டார். அவர் கொட்டகையைப் பிரித்துக்கொண்டு போன பிறகு பார்த்தால், மூலை முழுக்கக் கறுத்துக் கிடந்தது. மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலேயே நின்று கலர் கலராக மினுங்கும். எங்கே வேண்டுமானாலும் முளைக்கிற அறுகம்புல்கூட அங்கே தலைகாட்டவில்லை.

நிலம் எங்களுக்கும் என் மூத்தாருக்கும், அதாவது என் வீட்டுக்காரரின் அண்ணனுக்கும், பொது. அவர் ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, "செத்த மண்ணும்மா இது. சிமென்ட் போட்டு மூடிட்டு ஒரு குடோன் கட்டிடலாம்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. சிமென்ட் மேல் அவருக்கு ஒரு பக்தி, அவ்வளவுதான். வாசலுக்கும் சிமென்ட், கொட்டகைக்கும் சிமென்ட், கிணற்றைச் சுற்றியும் சிமென்ட். எனக்கோ அது நாற்று விடுகிற மூலை. கிணற்றுத் தண்ணீர் முதலில் பாய்கிற மண். எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. கோபம் வந்தால் எனக்கு வாய் முந்திக்கொள்ளும். "தீபாவளிக்குள்ள அங்க பச்சை காட்டறேன் மாமா. காட்டலன்னா கொத்தனாரைக் கூட்டிக்கினு வாங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே சரி என்றார். அந்தச் சிரிப்பில் எனக்கு இரண்டு வேளை சோறு இறங்கவில்லை.

சவால் விட்டேனே தவிர, எப்படி ஜெயிப்பது என்று தெரியாது. அந்தச் சமயம் காஞ்சிபுரம் பக்கத்துக் கல்லூரியிலிருந்து மண் ஆராய்ச்சி செய்யும் ஒரு பெண் எங்கள் ஏரிப் பக்கம் வந்துபோய்க்கொண்டிருந்தாள். கையைப் பிடித்து இழுத்துவராத குறையாக அவளை அழைத்துவந்து மூலையைக் காட்டினேன். ஒரு பிடி மண்ணை அள்ளி முகர்ந்து பார்த்தாள்.

"அக்கா, ஆயிலைத் திங்கற பாக்டீரியா இங்கயே இருக்கும். பாவம், பட்டினியில கெடக்குது."

"இவ்ளோ ஆயில் கீது, இன்னா பட்டினி அதுக்கு?"

"வெறும் சோத்தைக் கொட்டி, மூச்சு முட்ட மூடி வெச்சா நீங்க சாப்பிடுவீங்களா?"

பிறகு விளக்கினாள். எண்ணெயில் கரிச்சத்து ஏராளம். தழைச்சத்தும் மணிச்சத்தும் நாம்தான் தரவேண்டும். காற்றும் ஈரமும் வேண்டும். இவை கிடைத்தால் அந்தக் கண்ணுக்குத் தெரியாத ஜீவன்கள் பெருகி, எண்ணெயைத் துண்டு துண்டாக அறுத்துத் தின்னும். மெலிசான பகுதி சீக்கிரம் போய்விடும். தாரைப் போல இறுகிய பகுதிதான் அடம்பிடிக்கும். அதை ஒரே இனத்தால் தின்று தீர்க்க முடியாது. ஒன்று கடித்துப் போட்ட மிச்சத்தை இன்னொன்று தின்னும். அப்படிப்பட்ட கூட்டம் ஒன்றை அவள் கல்லூரியில் வளர்த்து ஒரு கேனில் கொண்டுவந்தாள். கறுத்த மண்ணைக் கொத்தி, சாணமும் வைக்கோலும் கலந்து குவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றினோம். பரிசோதித்துச் சொல்லும்வரை அங்கே முளைப்பதை மனுஷரோ மாடோ வாயில் வைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

சித்திரை வெயிலில் அந்தக் குவியலை நனைத்தேன், புரட்டினேன், சாக்குப் போட்டு மூடினேன். கைக்குழந்தைக்குக்கூட அவ்வளவு செய்யவில்லை என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்தார். ஆனி மாதத்தில் ஒருநாள் புரட்டியபோது டீசல் வாடைக்குப் பதிலாக, முதல் மழை விழுந்த மண்ணின் வாசனை லேசாக வந்தது. நான் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கை தட்டினேன். பார்க்க யாரும் இல்லை, நல்லவேளை.

ஆடி வந்தது. அம்மனுக்குக் கூழ் ஊற்றும் ஞாயிற்றுக்கிழமை, கரகம் எங்கள் மூலையைத் தாண்டித்தான் போகும். முந்தின நாள் நான் கேழ்வரகு அரைக்கப் போய்த் திரும்பினால், குவியல் வெள்ளை வெளேரென்று இருந்தது. என் வீட்டுக்காரர் ஒரு மூட்டை பிளீச்சிங் பவுடரைத் தூவி, மேலே பினாயிலும் ஊற்றி, பெருமையாக நின்றார்.

"சாமி வர்ற வழிடி. சாணி நாத்தத்தோட வெச்சிக்கினு இருந்தா நல்லாவா கீது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டேன். "பெரும்பாலும் செத்திருக்கும் அக்கா. வாடை போற வரைக்கும் தண்ணி விட்டுப் புரட்டுங்க. மறுபடி வளர்த்துக் குடுக்க நாளாகும், தீபாவளி தாண்டிடும்" என்றாள். நான் வீட்டுக்காரரிடம் பேச்சை நிறுத்தினேன். அவர் குற்றவாளி மாதிரி தினமும் குவியலுக்குத் தண்ணீர் சுமந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம், பக்கத்து நிலத்து அக்காவிடம் புலம்பப் போனேன். அவளுடைய டீசல் இன்ஜின் ரூமை ஒட்டி, எண்ணெய் சொட்டிச் சொட்டிக் கறுத்த ஒரு திட்டு உண்டு. அந்தத் திட்டு இப்போது கொத்திவிட்டு, ஈரமாக, சாக்குப் போர்வையோடு இருந்தது. குனிந்து முகர்ந்தேன். அதே வாசனை!

"நீ அம்மாம் கொஞ்சற மண்ணு சும்மாவா இருக்கும்னு ஆனி மாசமே ரெண்டு கூடை வாரிக்கினு வந்தேன்" என்றாள், துளியும் கூச்சமில்லாமல்.

எனக்குக் கோபம் வரவில்லை. அவளைக் கட்டிக்கொண்டேன். "அக்கா, ஒரு கூடை குடு, இப்பவே எடுத்துக்கினு போறேன்."

அவள் முகம் மாறிவிட்டது. "இன்னா நீ, வெள்ளிக்கெயம, வெளக்கு வெச்ச நேரத்துல மண்ணு கேக்கற? இந்த நேரத்துல ஒற மோரே குடுக்க மாட்டேன்."

"அது என் மண்ணு அக்கா! நீ திருடிக்கினு வந்தது!"

"வந்த எடத்துல வேர் புடிச்சிடுச்சில்ல? இப்ப என் மண்ணுதான்."

இதற்கு மேல் எந்த வக்கீல் வாதாடுவார்? மறுநாள் விடிந்ததும் அவளே ஒரு கூடை நிறைய மண்ணோடு வந்தாள், மேலே ஒரு வெற்றிலை வேறு. பால் கெட்டுப்போனால் பக்கத்து வீட்டில் உறை வாங்குவதில்லையா, அப்படித்தான். ஆராய்ச்சிப் பெண் போனில் சிரி சிரி என்று சிரித்தாள். பவுடர் வாடை போயிருந்த குவியலில் புதுச் சாணத்தோடு அதைக் கலந்து, மறுபடி நனைத்து, புரட்டி, மூடினோம். வீட்டுக்காரர்தான் புரட்டினார். நான் மன்னித்துவிட்டேன் என்று அவருக்குச் சொல்லவில்லை, வேலை நடக்கட்டும் என்று.

ஐப்பசி மழை பிடித்தது. தீபாவளிக்கு முந்தின நாள் மூத்தார் கொத்தனாரோடு வந்தார், கையில் அளக்கிற நூல்கயிறு. மழை என்று நான் மூலைப் பக்கம் போய்ச் சில நாளாகியிருந்தது. அவர்கள் பின்னாலேயே ஓடினேன்.

அவிழ்த்துக்கொண்டு ஓடிவந்த மூத்தார் வீட்டு வெள்ளாடு, எங்களுக்கு முன்னால் அந்த மூலையில் நின்று, தலையைத் தூக்காமல் எதையோ கடித்துக்கொண்டிருந்தது.

"மாமா, ஆட்டைப் புடிங்க! டெஸ்ட் பண்ற வரைக்கும் அந்தப் புல்லுல வாய் வெக்கக் கூடாது!" என்று கத்தினேன். கத்திய பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. புல்!

மூத்தார் ஆட்டின் கழுத்தைப் பிடித்து இழுத்தார். அது நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு நகர மறுத்தது. வாயோரம் அறுகம்புல் தொங்கியது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

"எங்கேர்ந்து அளக்கறதுங்க?" என்றார் கொத்தனார்.

"இன்னாத்த அளக்கறது? மொதல்ல அந்தக் கயித்தக் குடு" என்றார் மூத்தார். அளக்க வந்த நூல்கயிற்றை மூன்றாக மடித்து ஆட்டின் கழுத்தில் கட்டி, அவர் முன்னால் இழுக்க, கொத்தனார் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போனார்.