மாமன் தூக்கிப்போன மொட்டை

பிளஸ் டூ பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த கோடையில் நான் தடவாத மொட்டைத் தலை இல்லை. தொண்ணூறுகளில் திருத்தணி மலை அடிவாரத்தில், மொட்டையடிக்கும் கொட்டகைக்கு எதிரே இருந்த சந்தனக் கடையில் எனக்கு அதுதான் வேலை. முடி கொடுத்துக் குளித்துவிட்டு வருகிறவர்களைப் பெஞ்சில் உட்காரவைத்து, தலை முழுக்கச் சந்தனம் பூசி அனுப்ப வேண்டும். சந்தனம் என்று பெயர்தான். அதில் மஞ்சள் எவ்வளவு, வாசனைத் தூள் எவ்வளவு என்பது கடைக்காரம்மாவுக்கும் முருகனுக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

எனக்குச் சென்னையில் கல்லூரி படிக்க ஆசை. காலையில் ரயிலேறிப் போனால் சாயங்காலம் திரும்பிவிடலாம். எங்கள் அப்பாவுக்கு, நைனா என்றுதான் கூப்பிடுவேன், கே.ஜி.கண்டிகையில் கொஞ்சம் கரும்பு, இரண்டு மாடு, எதற்கெடுத்தாலும் சந்தேகம். "ஒரு மாசம் அந்தக் கடையில வேலை செய். பொண்ணாப் பொறந்தவ, உன்னைப் பத்தி ஒரு பேச்சு என் காதுல விழக்கூடாது. விழலன்னா மெட்ராஸ். விழுந்துச்சுன்னா டைப்ரைட்டிங் கிளாஸு, அப்பால கல்யாணம்" என்றார். மொட்டை தடவுவதில் என்ன பேச்சு வந்துவிடப் போகிறது என்று நானும் ஒத்துக்கொண்டேன்.

முதல் நாள் போய்ப் பார்த்தால் எதிர் பெஞ்சில் அவன். தாலுகாவில் எந்தப் பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி வைத்தாலும் முதல் பரிசு வாங்குகிறவன். இரண்டாம் பரிசு எனக்கு. மலைக்கோயில் மடப்பள்ளியில் தலைமுறை தலைமுறையாகச் சமைக்கிற குடும்பத்துப் பிள்ளை. சர்க்கரைப் பொங்கலைத் தின்று தின்றே மூளையை வளர்த்துக்கொண்டான் என்பது என் கருத்து.

"இங்கயும் ரெண்டாவது வரலாம்னு வந்துகினியா?" என்று கேட்டான்.

அன்றிலிருந்து யார் அதிகத் தலை பூசுகிறார்கள் என்று போட்டி. அவன் ஒவ்வொரு தலையையும் பிள்ளையாருக்கு அலங்காரம் செய்வதுபோல நிதானமாகப் பூசுவான். நான் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற வேகத்தில் பூசுவேன். ஆனால் அவனுக்குத் தெலுங்கு தேன் மாதிரி வரும். ஆந்திராப் பக்கத்திலிருந்து வருகிற கூட்டம் முழுக்க அவன் பெஞ்சுக்கே போகும். எனக்கு வயிறு எரியும்.

மதியத்தில் மடப்பள்ளிப் புளியோதரையை என் பக்கம் தள்ளி, "மீந்துபோச்சு, துன்னு" என்பான். மீந்துபோனதில் எப்படி அத்தனை முந்திரி இருக்கும் என்று நான் யோசிக்கவில்லை. மூன்றாவது வாரம் அவன் ஒரு நாள் தாமதமாக வந்தபோது நான் நாலு தடவை படிக்கட்டைப் பார்த்தேன். எதிரி இல்லாமல் எப்படிச் சண்டை போடுவது என்கிற கவலைதான் அது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இவ்வளவு படித்தும் நான் மண்டுதான்.

கடைசி வாரம், கிருத்திகை நாள். கூட்டம் நெரிந்தது. குழந்தையின் முதல் மொட்டையைத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் அடிப்பார்கள். சித்தூரிலிருந்து வந்த ஒரு மாமன், பிறந்தபோது ஒரு தடவை பார்த்த மருமகனை மடியில் வைத்து மொட்டையடித்து, அதன் கத்தலில் நொந்துபோய், குழந்தையை எங்கள் கடையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனான். அதே நேரம் ஒரு தாய், மொட்டையடித்த தன் குழந்தையை எங்களிடம் விட்டுவிட்டுத் தனக்கும் மொட்டை போட்டுக்கொள்ளப் போனாள். இரண்டும் ஒரே அளவு. இரண்டுக்கும் எங்கள் கடை மஞ்சள் துண்டு. ஒன்று அவன் பெஞ்சு, ஒன்று என் பெஞ்சு. என் கணக்கில் கூடட்டும் என்று, அவன் தண்ணீர் எடுக்கப் போன சமயத்தில் அவனுடையதையும் இழுத்துப் பூசிவிட்டேன். பூசி முடித்தபோது எது யாருடையது என்று முருகனுக்கே தெரியாது. மாமன் வந்தான். ஒன்றைக் கொடுத்தேன். தூக்கிக்கொண்டு மலையேறிவிட்டான்.

பிறகு அந்தத் தாய் மொட்டைத் தலையோடு வந்து மிச்சம் இருந்ததை வாங்கினாள். அது வீறிட்டது. அம்மாவை மொட்டையாகப் பார்த்தால் எந்தக் குழந்தையும் வீறிடும் என்று சிரித்தோம். அவள் துண்டை அவிழ்த்தாள்.

"ஐயோ, என்து பொம்பளப் புள்ளைங்க" என்றாள்.

அவன் அந்தப் பையனை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு படிகளில் ஓடினான். மாமன் தரிசன வரிசையில் நின்று அந்தப் பெண் குழந்தைக்கு வாழைப்பழம் ஊட்டிக்கொண்டிருந்தானாம். இரண்டு குடும்பமும் கீழே வந்து கடையை இரண்டாக்கியது. சாயங்காலத்துக்குள் செய்தி பஸ் ஏறிக் கண்டிகைக்குப் போய், நைனா வந்து நின்றார்.

"யாரு பண்ணது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவன், "நான்தாங்க" என்றான். கடைக்காரம்மா அவனை அங்கேயே வேலையை விட்டு நிறுத்தினாள். மெட்ராஸ் ரயில் என் மனசுக்குள் வந்து நின்றது, பழியை அவனிடமே விட்டுவிட்டு ஏறிக்கொண்டேன். வீட்டுக்குப் போகிற வழியில் நைனா டீக்கடையில் வண்டியை நிறுத்தி, "எம் பொண்ணு மேல ஒரு குறை கிடையாது" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

மறுநாள் காலை அவர் பால் கறந்துகொண்டிருக்கும்போது உண்மையைச் சொல்லிவிட்டேன். நேர்மை என்று நினைத்துவிடாதீர்கள். தியாகத்திலும் அவனே முதல் பரிசு வாங்குவதை என்னால் தாங்க முடியவில்லை.

நைனா கறப்பதை நிறுத்தினார். "நீ பண்ணதுக்கு அந்தப் பையன் எதுக்குப் பழி ஏத்துகினான்?"

ஒரு மாசம் முழுக்க முந்திரி தின்ற எனக்கு விளங்காதது, மாட்டு மடியைப் பிடித்திருந்த மனிதருக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது.

"தெரியல நைனா. கேட்டுகினு வந்து சொல்றேன்" என்றேன். கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே கேட்கத்தான் நினைத்தேன்.

"போனா மெட்ராஸ மறந்துடு" என்றார். போனேன்.

மடப்பள்ளிக்குப் பின்னால் அவன் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தான்.

"நீ எதுக்கு ஏத்துகின?"

"நீ ரயிலேறிப் போய்ட்டா ஊருல நான் நிம்மதியா இருப்பேன். அதான்."

"பொய்."

"ஆங், பொய்தான்" என்றான். காது சிவந்திருந்தது. "உன்னைப் புடிக்கும். நீ படிக்கணும். அவ்ளோதான்."

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அந்தச் சந்தோஷத்திலேயே உளறித் தொலைத்தேன். "நைனா கிட்ட உண்மைய சொல்லிட்டேன்."

கத்தி நின்றது. "அப்போ மெட்ராஸு?"

"இனிமே எங்க."

அவன் கத்துவான் என்று நினைத்தேன். பூசணி ஒட்டியிருந்த கையாலேயே கண்ணைத் துடைத்தான். "ஒரு தடவை உனக்கு எதுனா குடுக்கலாம்னு பார்த்தேன். அதையும் போட்டின்னு நெனச்சிட்டியா?"

ஆமாம், அப்படித்தான் நினைத்திருந்தேன். அவனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து நானும் அழுதேன்.