ஆபீஸம்மா தந்த பிறந்தநாள்கள்

எங்கள் பள்ளி அலுவலகத்தில் முப்பத்தொரு வருடமாக உட்கார்ந்திருப்பவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. தலைமையாசிரியருக்கு, காவலாளிக்கு, ஒன்றாம் வகுப்புப் பொடிசுகளுக்கு, எல்லாருக்குமே அவர் ஆபீஸம்மாதான். சம்பளப் பட்டியலில் அவருக்கு வேறு பெயர் உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

அவரும் பதிலுக்கு யாரையும் பெயரால் நினைவு வைத்துக்கொள்வதில்லை. சேர்க்கை எண்தான். கடைத்தெருவில் மீசை வைத்த ஒருவன் வணக்கம் சொன்னால், இரண்டு நொடி உற்றுப் பார்த்துவிட்டு, "நாலாயிரத்து நூத்திப் பன்னெண்டுதானே நீ? முழங்கால் ஒடிஞ்சுதே, சரியாயிடுச்சா?" என்பார். கூட வரும் புது மனைவி, இவன் எந்தச் சிறையில் இருந்தானோ என்று ஒரு பார்வை பார்ப்பாள். ஆபீஸம்மாவுக்கு அதெல்லாம் கண்ணிலேயே படாது.

சேர்க்கைப் பதிவேடுகள் ஒன்பது. தடித்த அட்டை, துணி முதுகு, ஒவ்வொன்றும் கைக்குழந்தை கனம். அவற்றை இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைப் புடவையோடு பின் போட்டு வைத்திருப்பார். முப்பத்தொரு வருடத்தில் அந்தப் பக்கங்களில் ஓர் அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. எழுதுவதற்கு முன் வேறொரு தாளில் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் பதிவேட்டில் பேனாவை வைப்பார்.

இந்த வருடம் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. இனிப் பதிவேடு கிடையாது, மாணவர் விவரமெல்லாம் புதிய கணினி அமைப்பில்தான். அதை நாங்கள் 'சிஸ்டம்' என்றே சொல்வோம். அதில் எல்லாவற்றையும் ஏற்றும் வேலை என் தலையில் விழுந்தது. நான் செய்த குற்றம், ஒருநாள் புரொஜெக்டர் வயரைப் பிடுங்கி மறுபடி செருகியது. அன்றிலிருந்து நான் கணினி மேதை. ஊருக்கு இளைத்தவள் அறிவியல் டீச்சர்.

ஆறு வாரம், பள்ளி விட்ட பிறகு ஒரு மணி நேரம். அவர் வாசிப்பார், நான் அடிப்பேன். அறுநூற்றுப் பதினொரு பிள்ளைகள். நட்சத்திரக் குறி போட்ட கட்டத்தை நிரப்பாவிட்டால் சிஸ்டம் அடுத்த பக்கத்துக்கு நகராது. முன்பள்ளியின் பெயர் கேட்கும், ரத்த வகை கேட்கும், குழந்தைக்கு மின்னஞ்சல் முகவரி கேட்கும். "பிடிவாதக்காரப் புள்ளையா இருக்கே டீச்சர் இது. கேட்டத வாங்கிக் குடுக்கலைன்னா நடுத்தெருவுல உக்காந்துக்குது" என்பார் ஆபீஸம்மா. எனக்குக் கோபம் வரும், அவருக்குச் சிரிப்பு வரும்.

எல்லாம் ஏற்றி முடித்த பிறகு சிஸ்டம் தானாகவே ஒரு படம் போட்டுக் காட்டியது. மாதவாரியாகப் பிறந்தநாள்கள். அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஒரு சந்தேகம். பிறப்புச் சான்றிதழ் இல்லாத பிள்ளைகளை மட்டும் பிரித்துப் பார்த்தேன். தொண்ணூற்று மூன்று பேர். எங்கள் பக்கம் கட்டட வேலைக்கு ஊர் ஊராக வரும் குடும்பங்கள் அதிகம். பல பேருக்கு வீட்டிலேயே பிரசவம், பல பேருக்குக் காகிதம் வரும் வழியில் தொலைந்தது. அந்தத் தொண்ணூற்று மூன்று பேரில் ஒருவர்கூட ஆண்டு விடுமுறை மாதங்களில் பிறக்கவில்லை. தேர்வு வாரங்களில் பிறக்கவில்லை. ஒரே வகுப்பில் இரண்டு பேர் ஒரே நாளில் பிறக்கவில்லை.

"என்ன ஆபீஸம்மா இது, லீவு நாளா பாத்துத் தவிர்த்துப் பொறந்திருக்குதுங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டவர் முகம் அது.

"மத்த ஸ்கூல்ல தேதி தெரியாத புள்ளைங்களுக்கெல்லாம் ஒரே தேதி போட்டுடுவாங்க டீச்சர். நம்ம ஸ்கூல்ல காலைல பொறந்தநாள் புள்ளைக்குக் கை தட்டறோம்ல? ஒரே நாள்ல முப்பது பேரு எந்திரிச்சு நின்னா யாருக்குன்னு தட்டறது? அதான் ஆளுக்கொரு நாள் குடுத்தேன். லீவு நாளா இருந்தா வீணாப் போயிடும்."

வருடத்தைப் பல்லை வைத்தும் உயரத்தை வைத்தும் கணக்கிடுவாராம். நாளை மட்டும் வகுப்புப் பட்டியலைப் பார்த்து, காலியாக இருப்பதில் நல்லதாக ஒன்றைத் தேர்ந்தெடுப்பாராம். எனக்குச் சட்டென்று அவர்மேல் பெரிய பிரியம் வந்துவிட்டது. பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பிறந்தநாளையே கொடுத்தவரை அன்றுதான் பார்த்தேன்.

வினை அடுத்த திங்கட்கிழமை வந்தது. பொதுத்தேர்வு எழுதும் வகுப்பில் ஐம்பத்தெட்டுப் பேர். சிஸ்டம் தந்த பட்டியலில் ஐம்பத்தேழு. விட்டுப்போனவள் ஒரு கொத்தனாரின் மகள், வகுப்பில் கணக்கில் முதல். மார்ச் முதல் தேதிக்குள் பதினைந்து வயது நிறைய வேண்டும் என்பது விதி. அவள் பிறந்தது மார்ச் ஒன்பது. எட்டு நாள் குறை. முன்பெல்லாம் இதற்குத் தலைமையாசிரியர் ஒரு கடிதம் வைத்தால் போதும். சிஸ்டத்துக்குக் கடிதம் படிக்கத் தெரியாது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் பட்டியல் மூடிவிடும்.

அந்த மார்ச் ஒன்பதைக் கொடுத்தவர் ஆபீஸம்மா.

"ஒரு வருஷம் போனா என்ன, அடுத்த வருஷம் எழுதட்டுமே" என்று யாரும் சொல்ல முடியாது. ஆடைத் தொழிற்சாலையில் பொதி கட்டும் பிரிவில் அவளுக்கு இடம் சொல்லி வைத்துவிட்டுத்தான் அப்பா வெளியூர் வேலைக்குப் போயிருந்தார். பரீட்சை எழுதினால் படிப்பு, இல்லாவிட்டால் வேலை. அந்தப் பெண்ணே இதை என்னிடம் சொல்லியிருந்தாள், அழாமல், கணக்குப் பாடம் சொல்வதுபோல்.

தேதியைத் திருத்த சிஸ்டத்தில் வழி இருந்தது. காரணம் கேட்கும். தட்டச்சுப் பிழை என்றால் ஒரு சொடுக்கில் முடியும். பதிவு செய்தவரின் தவறு என்றால் அவருடைய பெயர், பணி எண், கையெழுத்திட்ட விளக்கம் எல்லாம் வேண்டும். அது நேரே அவருடைய பணிப்பதிவேட்டுக்குப் போகும்.

தலைமையாசிரியர் நல்லவர். வம்பு என்றால் பத்தடி தள்ளி நிற்பவர். "நாலு மாசத்துல ரிட்டயர் ஆகப்போறீங்க. எதுக்குமா இதெல்லாம்? தட்டச்சுப் பிழைன்னு போட்டுடுங்க" என்றார்.

"ஆமா, நான்தான் தப்பா அடிச்சுட்டேன்னு போடலாம். என்னை என்ன தூக்கிலயா போடப்போறாங்க?" என்றேன் நானும்.

"நீங்க சரியாத்தான் அடிச்சீங்க டீச்சர். எழுதினது நான். என் கையெழுத்து பதிவேட்டுல அப்படியே நிக்குது. அதுல ஒண்ணும் இதுல ஒண்ணுமா இருந்தா நாளைக்கு யாராவது அந்தப் பொண்ணத்தான் பொய் சொல்றான்னு சொல்லுவாங்க."

அத்தோடு பேச்சு முடிந்தது. சாதுவான மனிதர்கள் முடிவெடுத்துவிட்டால் அவர்களிடம் வாதாடவே முடியாது. ஓய்வூதியக் காகிதங்கள் மேலிடத்துக்குப் போயிருந்த நேரம் அது. ஒரு கேள்வி எழுந்தால் ஆறு மாதமோ ஒரு வருடமோ அப்படியே கிடக்கும்.

பெற்றவர் ஒருவரின் கையெழுத்தும் வேண்டும். அப்பா ஊரில் இல்லாததால் புதன்கிழமை அம்மா வந்தார். மருத்துவமனையில் துப்புரவு வேலை. இரவுப் பணி முடித்து, சீருடையோடு, செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்து நின்றார். உட்காரச் சொல்லி மூன்று முறை சொன்ன பிறகு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். மகளையும் வகுப்பிலிருந்து கூப்பிட்டு அனுப்பினோம்.

ஆபீஸம்மா முந்தின நாளே வகுப்புப் பட்டியலை அலசி வைத்திருந்தார். "பிப்ரவரி இருபத்தஞ்சு காலியா இருக்கு. அத போட்டுடலாம்மா. உங்க பொண்ணு பரீட்சை எழுதலாம். இங்க ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க."

அந்த அம்மா பேனாவை வாங்கினார். கையெழுத்துப் போடவில்லை.

"பிப்ரவரி எதுக்குங்க? இவ பொறந்தது ஓட்டுப் போட்ட மறுநாளுங்க."

"என்னம்மா சொல்றீங்க?"

"ஓட்டுப் போட்டுட்டு வந்த ராத்திரி வலி எடுத்துச்சு. விடிகாலைல பொறந்தா. விரல்ல மை அப்படியே இருந்துச்சுங்க. பச்சப்புள்ளையத் தொடப்போறோமேன்னு துணியில தேய் தேய்னு தேய்ச்சேன், போகவே இல்ல. நல்லா ஞாபகம் இருக்கு."

நான் கணினியில் தேடினேன். பதினைந்து வருடத்துக்கு முன், அக்டோபர் பதினேழு வாக்குப்பதிவு. ஆகவே அக்டோபர் பதினெட்டு. விதி கேட்ட நாளுக்கு நான்கரை மாதம் முன்னாலேயே அவளுக்குப் பதினைந்து நிறைந்திருந்தது. எட்டு நாள் குறை என்று நாங்கள் மூன்று நாளாகச் சோறு தண்ணி இறங்காமல் உட்கார்ந்திருந்தோம்.

"அப்ப மார்ச் ஒம்பது என் பொறந்தநாள் இல்லையா?" என்றாள் மகள். அவள் குரல் போன விதத்தைக் கேட்டால், யாரோ அவள் கையிலிருந்து எதையோ பிடுங்கியதுபோல் இருந்தது.

"போகலடி. முன்னாடியே வந்துடுச்சு, அவ்வளவுதான்" என்றார் அம்மா. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பெண்ணும் சிரித்தாள்.

ஆபீஸம்மா மட்டும் சிரிக்கவில்லை. "இத ஏம்மா சேர்க்கும்போது சொல்லல?" என்று மெதுவாகக் கேட்டார். அதட்டல் இல்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"யாரும் எங்கிட்டக் கேக்கலையேங்க. நானும் அன்னைக்கு வந்திருந்தேன். அதோ, அந்தக் கதவுகிட்ட நின்னுட்டிருந்தேன். நீங்க அவர்கிட்டக் கேட்டீங்க. அவரு தெரியாதுன்னாரு. நீங்க எழுதிட்டீங்க. பெரியவங்க பேசும்போது நடுவுல என்ன சொல்றதுன்னு இருந்துட்டேங்க."

குறை சொல்லும் குரலே இல்லை. பேருந்து எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோல் சொன்னார். கையெழுத்துப் போட்டார், கும்பிட்டார், செருப்பை மாட்டிக்கொண்டு போனார். ஆபீஸம்மா கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் திரும்பினார்.

விளக்கத்தை அவரே எழுதினார், முதலில் வேறொரு தாளில் எழுதிப் பார்த்துவிட்டு. வியாழன் மாலை பட்டியலில் ஐம்பத்தெட்டாவது பெயர் வந்தது. தலைமையாசிரியர் எல்லாருக்கும் டீ வாங்கித் தந்தார், அதுவே ஓர் அதிசயம். இரண்டு வாரம் கழித்து ஆபீஸம்மாவுக்கு மேலிடத்திலிருந்து ஒரு குறிப்பாணை வந்தது. வருங்காலத்தில் கவனமாக இருக்குமாறு எச்சரித்திருந்தார்கள். மூன்றரை மாத வருங்காலம் உள்ளவருக்கு! ஓய்வூதியக் காகிதங்களை நிறுத்தி வைத்திருப்பதாகவும் கடைசியில் ஒரு வரி இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் அதைப் படித்து, மடித்து, கோப்பில் வைத்தார்.

பிறகு மீதித் தொண்ணூற்றிரண்டு பேரின் தாய்மார்களுக்கும் சொல்லி அனுப்பினார். யாரும் சொல்லிச் செய்யவில்லை. நாளுக்கு ஐந்து பேர், வேலைக்குப் போகிறவர்களுக்கு மாலையில். நான் பக்கத்தில் உட்கார்ந்து சிஸ்டத்தில் திருத்தினேன். இருவர் உயிரோடு இல்லை, சிலர் ஊரைவிட்டுப் போயிருந்தார்கள். வந்தவர்களில் பாதிக்குமேல் சரியாகச் சொன்னார்கள். ஒருவருக்கு அணை திறந்துவிட்ட நாள். ஒருவருக்குப் பக்கத்து வீட்டுச் சுவர் இடிந்த நாள். ஒருவர் தேதி, மணி எல்லாம் எழுதிய காகிதத்தையே பத்து வருடமாகப் பர்ஸில் வைத்திருந்தார். ஒவ்வொருவரும் போனதும் ஆபீஸம்மா பதிவேட்டில் தான் எழுதிய பழைய தேதியை விரலால் தடவிப் பார்ப்பார்.

ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. "விடுங்க ஆபீஸம்மா. வேற யாரு புள்ளைங்களுக்காக இவ்வளவு யோசிச்சாங்க? நல்ல மனசோடதானே செஞ்சீங்க?"

"நல்ல மனசெல்லாம் இருந்துச்சு டீச்சர். என் பெரிய பையன் பொறந்தது எப்போன்னு கேளுங்க, நிமிஷத்தோட சொல்லுவேன். தொண்ணூத்தி மூணு தடவை அந்தக் கதவுகிட்ட ஒரு அம்மா நின்னிருக்கா. அவளக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேக்கணும்னு எனக்கு ஒரு தடவகூடத் தோணலையே!"