லேபிள் கிழித்த டப்பா

எனக்கு எச்ஐவி இருப்பது அப்போது கரியாலூரில் யாருக்கும் தெரியாது. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்கியதும், பஸ் ஸ்டாண்டிலேயே லேபிளைக் கிழித்து, குலுங்காமலிருக்க டப்பாவில் பஞ்சு அடைத்துவிடுவேன்.

இடஒதுக்கீட்டு மறியலால் பஸ் ஓடாத நாள். கொல்லை வேலை முடிந்து வீடு திரும்பினேன். என் பையிலிருந்த மாத்திரையைக் காய்ச்சல் மாத்திரை என்று நினைத்து, ஓரகத்தி, ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லாமல் காய்ச்சலில் கிடந்த தன் மகளுக்குக் கொடுக்கப் போனாள்.

“ஐயோ, குடுக்காதக்கா! அது எச்ஐவி மாத்திர, என்னுது!” என்று கத்திவிட்டேன். தெருவே திரும்பிப் பார்த்தது.

மாத்திரையை டப்பாவில் போட்ட அக்கா, “இத்தினி நாளா ஒண்டியாவா முழுங்கிக்கினு இருந்த?” என்றாள்.

இப்போது லேபிளைக் கிழிப்பதில்லை. டப்பாவை எடுக்கும்போதெல்லாம், மாத்திரைக்காகத் திறந்திருந்த அந்தச் சின்ன வாய்தான் கண்முன் வருகிறது.